கிழக்குத் தஞ்சையில் நிலம் பொம்பளைங்க பேருக்கு வந்த கதை

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரணும்னு தலைவி அக்கா என்கிட்ட கேட்டப்ப, நான் பத்தாவதோட நின்னவ, எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்னு தான் சொன்னேன். வரலாறுன்னா நமக்கு உடனே ராஜராஜ சோழனும் பெரிய கோயிலும் கல்லணையும் தான் ஞாபகம் வருது. அதை எழுத படிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க. நான் நம்மளை மாதிரி நாத்துக்கட்டு தூக்கின பொம்பளைங்க சம்பந்தப்பட்ட ஒரு வரலாற்றை எழுதுறேன். ரொம்ப பழைய கதையும் இல்லை. எங்க அப்பாயி காலத்துல ஆரம்பிச்சு நம்ம காலம் வரைக்கும் வர்ற கதை.

போன வருஷம் நாங்க குழுவோட வேளாங்கண்ணி போனோம். திருவாரூர் தாண்டி கீழ்வேளூர் பக்கம் பஸ் போகும்போது, எங்க குழுவுல மூத்தவங்களா இருக்கிற ஒரு பெரியம்மா ஜன்னல் வழியா கை காட்டி, "இந்தப் பக்கம் உள்ள தான் வெண்மணி இருக்கு"ன்னு சொன்னாங்க. சின்னப் பொண்ணுங்க யாருக்கும் என்னன்னு தெரியலை. எனக்கும் அரைகுறையா தான் தெரியும். ஊருக்கு வந்த பிறகு நூலகத்துல கேட்டு எடுத்துப் படிச்சேன். படிக்கப் படிக்க வெண்மணியை விட்டு இன்னொரு அம்மா மேல என் மனசு போயிடுச்சு. அவங்க பேரு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்.

அவங்களைப் பத்தி சொல்றதுக்கு முன்னாடி நம்ம மண்ணோட நிலைமையை கொஞ்சம் சொல்லணும். இன்னிக்கு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைன்னு நாலு மாவட்டமா இருக்கிறது எல்லாம் 1991 வரைக்கும் ஒரே தஞ்சாவூர் மாவட்டம். காவிரி தண்ணி பாயுற இந்தப் பூமியில வேலிக்கணக்குல நிலம் வெச்சிருந்த மிராசுதார் ஒரு பக்கம், ஒரு குழி கூட இல்லாத பண்ணையாள் இன்னொரு பக்கம். குடிசை போட்ட இடம் கூட பண்ணைக்கு சொந்தம். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையா இருந்த காலம் அது. 1940-களில் பி.சீனிவாசராவ் மாதிரி கம்யூனிஸ்ட் தலைவர்கள் இங்க வந்து விவசாய சங்கம் கட்டினாங்க. மணலூர் மணியம்மைன்னு ஒரு பிராமண விதவை, தலைமுடியை வெட்டிக்கிட்டு, வேட்டி கட்டிக்கிட்டு, சங்கத்துக்காக ஊர் ஊரா போயிருக்காங்க. அவங்களைப் பத்தி தனியாவே ஒரு கட்டுரை எழுதலாம். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடி நின்னது. நிலம் மட்டும் கை மாறலை.

கூலி அப்ப நெல்லா தான் அளப்பாங்க. அப்பாயி சொல்லும், அளக்குறவன் கை எப்படி சாயுதுன்னு பார்த்துக்கிட்டே நிப்போம்னு. அரைப்படி கூட வருமா வராதாங்கிறதுல ஒரு குடும்பத்தோட ராத்திரி சோறு இருக்கு. அந்த மாதிரி கூலியில கொஞ்சம் நெல் கூட கேட்டதுக்கும், சங்கத்துல சேர்ந்ததுக்கும் தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேரை ஒரு குடிசைக்குள்ள வெச்சு எரிச்சாங்க. பெரும்பாலும் பொம்பளைங்க, பிள்ளைங்க, வயசானவங்க. எல்லாரும் தலித் கூலிக்காரங்க. கீழ்க்கோர்ட்டுல தண்டனை பெற்றவங்க ஐகோர்ட்டுல விடுதலை ஆயிட்டாங்க. இதை எழுதும்போது எனக்கு கை ஓடலை. இதுக்கு மேல அதைப் பத்தி எழுதவும் தெரியலை.

இந்தச் செய்தியைக் கேட்டுட்டு தான் கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவங்க வீட்டுக்காரர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிழக்குத் தஞ்சைக்கு வந்தாங்க. அப்ப அந்த அம்மாவுக்கு வயசு 42. இதைக் கவனிச்சுப் பாருங்க. நம்ம குழுவுல 35 தாண்டினாலே "இனிமே நமக்கு என்ன, பிள்ளைங்க பொழைச்சா போதும்"னு பேச ஆரம்பிச்சுடுறோம். நானும் பேசியிருக்கேன்.

அவங்க பிறந்தது 1926 ஜூன் 16. திண்டுக்கல் பக்கம் அய்யன்கோட்டை. நிலம் இல்லாத தலித் குடும்பம். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். அம்மா பேரு நாகம்மாள். நிறைமாசமா இருக்கும்போதும் அவங்க அம்மா வயல் வேலைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. இதுல நமக்கு புதுசா ஒண்ணும் இல்லை, என்னைப் பெத்தவளும் அப்படித்தான். ஆனா அந்தப் பிள்ளைக்கு ஒரு கை கிடைச்சது. மதுரையில டாக்டர் சௌந்தரம் அம்மா நடத்தின விடுதியில தங்கிப் படிக்க முடிஞ்சது. அந்த சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். கம்பெனி ஆரம்பிச்ச சுந்தரம் ஐயங்காரோட மகள். சின்ன வயசுல கல்யாணம் ஆகி, புருஷனை இழந்து, அதுக்குப் பிறகு டாக்டருக்குப் படிச்சு, மறுமணமும் செஞ்சுகிட்டு, 1947-ல் காந்திகிராமத்தை உருவாக்கினவங்க. ஒரு பொம்பளை மேல வந்தா கீழ இருக்கிற இன்னொருத்தியையும் கை கொடுத்து தூக்கணும்னு நாம கூட்டத்துல சொல்றோமே, அது இங்க நிஜமா நடந்திருக்கு. கிருஷ்ணம்மாள் அம்மா மதுரை அமெரிக்கன் கல்லூரியில பட்டப்படிப்பு முடிச்சாங்க. அந்தக் காலத்துல, அந்தக் குடும்பத்துல இருந்து வந்த ஒரு பொண்ணு பட்டம் வாங்குறது சாதாரண விஷயமா? 1946-ல் காந்தி மதுரைக்கு வந்தப்ப அவரோட மேடையிலும் இருந்திருக்காங்க.

ஜெகந்நாதன் ஐயா வசதியான குடும்பம். காந்தி சொன்னதைக் கேட்டு படிப்பை விட்டு வந்தவர். நாடு சுதந்திரம் அடைஞ்ச பிறகு தான் கல்யாணம்னு இருந்து, 1950-ல் இரண்டு பேரும் கல்யாணம் செஞ்சாங்க. மறுவருஷம் வினோபா பாவே தெலங்கானாவில போச்சம்பள்ளிங்கிற ஊர்ல பூதான இயக்கத்தை ஆரம்பிச்சார். நிலம் உள்ளவங்க இல்லாதவங்களுக்கு மனசார தானம் பண்ணணும்னு ஊர் ஊரா நடந்தார். ஐயா வினோபாவோட வடக்கே நடந்த சமயத்துல அம்மா மெட்ராஸ்ல ஆசிரியப் பயிற்சி படிச்சு முடிச்சாங்க. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தமிழ்நாட்டுல பூதான, கிராமதான வேலை பார்த்தாங்க. பதினஞ்சு வருஷத்துக்கு மேல.

இந்தத் தானத்தைப் பத்தி என் கருத்தையும் சொல்லிடுறேன். தானமா வர்றது எப்பவுமே மிச்சம் தான். பூதானத்துல வந்த நிலத்துல நிறைய கல்லும் கரடும், தண்ணி ஏறாத மேடும் தான்னு படிச்சேன். நஞ்சையை யாரு சும்மா கொடுப்பா? நம்ம காவிரிப் பாசனத்துல ஒரு வரப்புக்கே அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போறாங்க. அதனால வெண்மணிக்கு வந்த பிறகு தானம் கேக்குறதை மட்டும் நம்பி அம்மாவால வேலை பார்க்க முடியலை. நில உச்சவரம்புச் சட்டம் 1961-லயே வந்தாச்சு. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்னு இருந்ததை 1970-ல் 15 ஆக்கினாங்க. ஆனா பினாமி பேருலயும் டிரஸ்டு பேருலயும் நிலம் ஒளிஞ்சு நின்னது. அதை வெளியில கொண்டு வர வலிவலம் மாதிரி ஊர்கள்ல சத்தியாகிரகம் பண்ணினாங்க. கூலிக்காரப் பொம்பளைங்களும் அதுல சேர்ந்து நின்னாங்க.

இப்படியே பல வருஷம் ஓடுச்சு. பிறகு 1981-ல் அம்மாவும் ஐயாவும் 'லாஃப்டி'ன்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க. உழுபவருக்கு நிலம் கிடைத்து விடுதலை அடையணும்ங்கிறது அந்தப் பேரோட அர்த்தம். அப்ப அம்மாவுக்கு 55 வயசு. நம்ம ஊர்ல 55 வயசுல பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு திண்ணையில உக்காருற வயசு.

லாஃப்டி செஞ்சது என்னன்னு நம்ம பாஷையிலயே சொல்றேன், ஏன்னா நமக்கு இது ரொம்ப தெரிஞ்ச கணக்கு. அந்த சமயத்துல பெரிய நிலக்காரங்க பலர் படிப்பு, உத்தியோகம்னு டவுனுக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்க. நிலத்தை வித்தா போதும்னு நினைக்கிறவங்க இருந்தாங்க. வாங்க ஏழைகிட்ட பணம் இல்லை. அம்மா நிலக்காரரையும் கூலிக்காரங்களையும் ஒரே இடத்துல உக்கார வெச்சு விலை பேசினாங்க. நியாயமான விலை படிஞ்சதும் பேங்க்ல கடன் ஏற்பாடு பண்ணி, நிலத்தை வாங்கி, ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர்னு பிரிச்சு, பத்திரத்தை அந்த வீட்டுப் பொம்பளை பேருல எழுதினாங்க. ஒரு ஏக்கர்னா நம்ம கணக்குல மூணு மா. எல்லாரும் கூட்டா பாடுபட்டு விளைச்சல்ல இருந்து கடனை அடைச்சாங்க.

சொல்றதுக்கு நாலு வரி. ஆனா முதல்ல பேங்க் எதுவும் கடன் கொடுக்க முன்வரலை. ஜாமீன் கொடுக்க ஒண்ணும் இல்லாத கூலிக்காரிக்கு எதை நம்பி கொடுக்கிறதுங்கிற நிலைமை. பத்திரச் செலவும் அதிகம். நிலத்தோட விலையைக் கூட புரட்டிடலாம், முத்திரைத்தாள் செலவு அதுக்கு மேல வந்து நிக்கும். அதுக்கெல்லாம் அலைஞ்சு அலைஞ்சு தான் வழி பண்ணினாங்க. நம்ம மாநிலத்துல மகளிர் குழு ஆரம்பிச்சது 1989-ல், தர்மபுரியில. நபார்டு மூலமா குழுவுக்கு பேங்க் கடன் இணைப்பு வந்தது 1992-ல். இப்ப நாம தீர்மான நோட்டையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கிட்டுப் போனா மேனேஜர் "உக்காருங்கம்மா"ன்னு சொல்றார். அது எதுவும் இல்லாத 1981-ல் அந்தப் பொம்பளைங்க கடனுக்கு நின்னிருக்காங்க.

2007 வரைக்கும் லாஃப்டி மூலமா சுமார் 13,000 ஏக்கர் சுமார் 13,000 குடும்பத்துக்கு வந்திருக்கு. நம்ம பழைய கணக்குல ஏறக்குறைய 1,950 வேலி. நடவு இல்லாத மாசத்துல சும்மா இருக்கக் கூடாதுன்னு பாய் நெசவு, தையல், தச்சு வேலை, கொத்து வேலை, கம்ப்யூட்டர்னு பயிற்சியும் கொடுத்திருக்காங்க. சித்தாளா மட்டுமே இருந்த பொம்பளைங்களுக்கு கொத்து வேலை கத்துக்கொடுத்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன். எங்க ஊர்ல இன்னும் கரண்டி பிடிச்ச பொம்பளை ஒருத்தியும் இல்லை, செங்கல் தூக்குறதோட சரி.

இதுல வேற பேச்சும் உண்டு. என் சின்ன மாமனார் விவசாய சங்கத்துக்காரர். இந்தக் கட்டுரையை படிச்சுக் காட்டினப்ப, "மூணு தலைமுறை உழைப்பை உறிஞ்சினவனுக்கு விலையும் கொடுத்து நிலம் வாங்கணுமா? உச்சவரம்புல எடுத்துக் கொடுத்திருக்கணும்ல?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி தான். எனக்கும் பதில் சொல்ல முடியலை. ஆனா சட்டம் வந்து எடுக்கும்னு காத்திருந்தவங்க காத்திருந்தபடியே செத்தும் போயிருக்காங்க. பத்திரம் கையில வந்தவ அந்த வருஷமே தன் நிலத்துல சம்பா நட்டா. நான் அந்தப் பொம்பளை பக்கம் தான் நிப்பேன். அவர் இன்னும் ஒத்துக்கலை.

1990-கள்ல இன்னொரு சண்டை. நாகப்பட்டினம் கடலோரத்துல இறால் பண்ணைங்க வர ஆரம்பிச்சது. நல்ல விலை கொடுத்து நெல் வயலை வாங்கி, குட்டை வெட்டி, கடல் தண்ணியை ஏத்தினாங்க. பக்கத்து வயல்ல உப்பு ஏறிச்சு. குடிக்கிற தண்ணியும் கெட்டுது. வயல் வேலையும் போச்சு, ஏன்னா நூறு பேர் நடவு செஞ்ச இடத்துல இறாலுக்கு நாலு காவல்காரன் போதும். கஷ்டப்பட்டு வாங்கின நிலம் கண்ணு முன்னாடி உவரா போகுதுன்னு அம்மாவும் ஐயாவும் ஜனங்களைத் திரட்டினாங்க. ஐயா பேருல சுப்ரீம் கோர்ட்டுல வழக்கு. 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது, கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள்ள அந்த மாதிரி இறால் பண்ணை இருக்கக் கூடாதுன்னு. ஜெயிச்சாச்சுன்னு எழுத ஆசை தான். ஆனா 2005-ல் தனியா ஒரு சட்டம் வந்து, பதிவு பண்ணிக்கிட்டு இறால் பண்ணை நடத்த வழி வந்திருச்சு. கடலோர கிராமத்து சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விருதுகளை சுருக்கமா சொல்லிடுறேன். 1989-ல் பத்மஸ்ரீ. 2008-ல் மாற்று நோபல் பரிசுன்னு சொல்ற ரைட் லைவ்லிஹுட் விருது, அம்மாவுக்கும் ஐயாவுக்கும் சேர்த்து. 2020-ல் பத்மபூஷண். ஐயா 2013 பிப்ரவரியில காலமானார்.

இதையெல்லாம் படிச்சப்ப என் மனசுல திரும்பத் திரும்ப வந்தது ஒரே விஷயம். பத்திரம் பொம்பளை பேருல. ஏன் அப்படி எழுதினாங்கன்னு யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பளை பேருல இருந்தா ஒரு கஷ்டம் வந்தா, ஒரு குடி வந்தா, ஒரு கல்யாணம் வந்தா அடகுக்குப் போயிடும். நாம எல்லாரும் பார்த்தது தானே.

போன மாசக் கூட்டத்துல சேமிப்பு வசூல் முடிஞ்சதும் நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். நம்ம 14 பேர்ல யார் பேருல நிலமோ மனையோ இருக்கு, கை தூக்குங்கன்னேன். இரண்டு கை. ஒண்ணு அரசாங்கம் கொடுத்த மனைப்பட்டா. இன்னொண்ணு பொறந்த வீட்டுல கொடுத்தது. பிறகு, யார் பேருல கடன் இருக்குன்னு கேட்டேன். எல்லாருக்கும் சிரிப்பு வந்திருச்சு. 14 கையும் மேல. சிரிச்சோம், ஆனா அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசலை. நாடு முழுக்க 2015-16-ல் எடுத்த விவசாயக் கணக்குல கூட, சாகுபடி நிலம் நூறு பேர்கிட்ட இருந்தா அதுல பொம்பளைங்க சுமார் 14 பேர் தான்.

அந்தக் கூட்டத்துல சொல்லாத ஒண்ணை இங்க எழுதுறேன். எங்க அப்பாவுக்கு இரண்டு மா நிலம் இருந்தது, எங்க தாத்தா வழியா வந்தது. தமிழ்நாட்டுல 1989-லயே பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சம பங்குன்னு சட்டம் வந்தாச்சு, 2005-ல் நாடு முழுக்க. அப்பா இறந்த பிறகு தம்பி ஒரு நாள் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். விடுதலைப் பத்திரம்னு ஒண்ணு. எனக்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். யாரும் மிரட்டலை. பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சு போகும், பொங்கல் சீர் வராது, அவ்வளவு தான் பயம். குழுவுல பொருளாளரா இருந்து லட்சக்கணக்குல கையெழுத்துப் போட்டுப் பழகின கை தான் அதுவும்.

வீட்டுக்காரர் குத்தகைக்கு ஆறு மா பண்றார். உரத்துக்கும் நடவுக்கும் குழுக்கடன் என் பேருல. ஒரு வருஷம் தை மாசம் அறுக்கிற நேரத்துல மழை பெஞ்சு கதிர் சாஞ்சு முளைச்சுப் போச்சு. நிவாரணம் வந்தது. அடங்கல்ல பேர் இருக்கிறது நிலத்துக்காரருக்கு, பணமும் அவர் கணக்குக்குப் போச்சு. பாதி கொடுத்தார். கொடுத்ததே பெரிசுன்னு வாங்கிக்கிட்டோம். கொள்முதல் நிலையத்துல நெல் போடவும் அந்தச் சிட்டா அடங்கலுக்கு அவரைத் தான் கேட்டு நிக்கணும். அந்த வருஷத் தவணையை நான் தோட்டை அடகு வெச்சு கட்டினேன்.

சகோதரிகளுக்குத் தெரிய வேண்டிய இரண்டு விஷயம் இருக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்துல நிலமில்லாத விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க தாட்கோவுல 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்'னு இருக்கு. நிலத்தோட மதிப்புல பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம். நிலம் பெண் பேருல தான் பதியணும். அப்புறம் 2025 ஏப்ரல் 1-ல் இருந்து, 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரைக்கும் உள்ள சொத்தை பெண்கள் பேருல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. நம்ம கூட்டமைப்புல எத்தனை பேருக்கு இது தெரியும்னு எனக்கு சந்தேகம். எனக்கே இந்தக் கட்டுரைக்காக விசாரிச்சப்ப தான் தெரிஞ்சது.

எங்க ஊர் வாய்க்கால் ஓரமா மூணு மா விலைக்கு வருது. நிலத்துக்காரங்க பிள்ளைங்க எல்லாம் சென்னையில இருக்காங்க. நாங்க குழுவுல மூணு பேர் ஆளுக்கு ஒரு மா வாங்கலாம்னு பேசியிருக்கோம். மூணு பேருல ஒருத்திக்கு தாட்கோ திட்டம் பொருந்தும். மத்த இரண்டு பேரும் குழுக்கடனும் சொந்த சேமிப்பும் போட்டா முக்கால்வாசி வருது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "வாங்கு, ஆனா என் பேரையும் சேர்த்துக்க"ன்னார். யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். விலை இன்னும் படியலை. வர்ற திங்கட்கிழமை மூணு பேருமா போய் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கப் போறோம்.